கோடு கீறிய இடம்

கல்முனை
14.10.1999

அன்பு மகள் அம்ஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா இங்கே சுகம். அந்தக் குளிர் தேசத்தில் உன் நெஞ்சுச் சளி மாறி நீயும் சுகமாயிருக்க அல்லாஹ் போதுமானவன். உம்மா மௌத்தான பிறகு இந்த வீடு உன்னுடையது, நான் காவலுக்கு இருக்கிறேன். மேற்குப் பக்கத்து ஓடு மாற்றியாகிவிட்டது. பகலில் ரேடியோவைப் போட்டு விடுகிறேன், யாரோ கதைக்கிற சத்தம் இருக்கட்டும் என்று.

உன் கடிதம் கிடைத்தது. பிழை என்னுடையதுதான். நம் வம்சத்து ஆண்கள் ஆறு பேரின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி உன் ஆய்வுக்கு அனுப்பச் சொன்னாய். வம்சம் என்றால் குடிதானே என்று நினைத்து, ஜும்ஆ முடிய என் குடி ஆட்களைப் பள்ளிவாசல் விறாந்தையில் வரிசையாக இருத்தினேன். குச்சிகள் ஆறு, மூத்தவர்களுக்கு இடம் விட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். குடிக்குத் தலைவரான மரைக்காயர் அப்துல் ஸமட் முதலாவதாக வாயைத் திறந்தார். தம்பி, உன்ட மகள் என்ட வாயில வெத்திலையத்தான் கண்டுபிடிப்பா என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், கனகாலத்துக்குப் பிறகு. இப்போது நீ ஆறு பேருக்கும் ஆறு வழி என்கிறாய். குடி உம்மாவிடமிருந்து வருவது. நீ தேடும் வை (Y) நிறமூர்த்தம் வாப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. அது உனக்குக்கூட என்னிடமிருந்து வரவில்லை.

நீ அனுப்பிய புதுப் படிவத்தில் வாப்பா என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே மகன் என்ற இடத்தில் ஒரு கோடு கீறியிருக்கிறாய். அவன் பெயரைக் கண்டால் எனக்கு நோகும் என்று செய்திருப்பாய். உன் காக்கா றிஷாட் தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் வயல் வட்டைக்கு வேளாண்மை பார்க்கச் சைக்கிளில் போனவன். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஸமட் ஒவ்வொரு நோன்பிலும் வந்து, தம்பி, புள்ளைக்கு ஒரு ஜனாஸாத் தொழுகையாவது தொழுதிடுவமே என்கிறார். நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பி விடுகிறேன்.

போன கிழமை, மாரிக்கு முன் துப்பரவாக்கப் போய், வட்டைக்கு அந்தப் பக்கத்துப் பாழ்கிணற்றில் ஓர் ஆளின் எலும்புகளை எடுத்தார்கள். பெற்றவனுக்குத் தெரியும் என்றுதான் போனேன். தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டியில் இருக்கிறது, வருச முடிவு வரை வைத்திருப்பார்களாம். அறுபதினாயிரம் வருசத்துக்கு முன் ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்ட மனிதனின் வழியை நீங்கள் பிடிக்கிறீர்கள். ஒன்பது வருசத்துக்கு முன் சைக்கிளில் போனவனின் வழி எலும்பில் இருக்குமா? இத்துடன் என் வாயில் தடவிய குச்சிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று உன் ஆய்வுக்கு. மற்றது அவனுக்கு. டாக்குத்தரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உடனே எழுது. பிறகு வரும் பதில் ஓம் என்றாலும் இல்லை என்றாலும் அப்படியே எழுது, வாப்பா தனியே இருக்கிறேன் என்று மாற்றி எழுதாதே. ஓம் என்றால் ஸமட்டிடம் நானே போவேன்.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, தொழுகையை விடாதே. நீண்ட ஆயுளும் இந்த வாசலுக்குத் திரும்பும் நாளும் அல்லாஹ் உனக்குத் தருவானாக. படிவத்தையும் இதற்குள் வைத்திருக்கிறேன், கவனம். நீ கீறிய கோட்டின் மேல் அவன் பெயரை எழுதியிருக்கிறேன்.

உன் வாப்பா
கச்சிமுகம்மது