மீசையைப் பிடித்து நடத்தும் குளவி

8.6.2003, ஞாயிறு

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தறிக்கூடத்து உத்தரத்தில் குளவி மறுபடி கூடு வைத்திருக்கிறது. மருமகள் கெங்கம்மாள் துடைப்பத்தைத் தூக்கினாள். என்ன நினைத்தாளோ, இறக்கிவிட்டாள். குளவிக் கூட்டை உடைத்தால் வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை தங்காது என்பார்கள். மூத்த பேத்தி லாவண்யாவைத் தை மாதம்தான் பெரணமல்லூரில் கட்டிக்கொடுத்தோம். இருக்கட்டும் கூடு.

இந்த வீட்டில் குளவி மூன்று ஜாதி. ஒன்று நீளமாக மண் பூசிச் சிலந்தியை உள்ளே அடைக்கும். இன்னொன்று சொம்பு மாதிரி கூடு செய்து பச்சைப் புழுவை அடைக்கும். மூன்றாவதற்குக் கூடு கட்டத் தெரியாது, பொந்து தேடித் திரியும். உடம்பு மயில்கழுத்து, தொடை மட்டும் அரக்கு. அந்தச் சேர்மானத்தில் ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு சேலை நெய்தேன், வேலூர்க் கல்யாணம் ஒன்றுக்கு. பெண்ணின் தாய்க்குப் பிடிக்கவில்லை, பெண்ணுக்குப் பிடித்திருந்தது. அந்தக் குளவி பொந்துக்குள் எதைக் கொண்டு போகிறது என்று மட்டும் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் போகாதவன் நான். கிழவனான பிறகு அறிவொளி வகுப்பில் ஸ்லேட்டு பிடித்தேன். எழுத்து தெரியாதவரை எதையும் மறந்ததில்லை. இனி மறப்பேனோ என்னவோ.

11.6.2003

லாவண்யா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். இடது காது மடல் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. புருஷன் கம்மலோடு பிடித்து இழுத்திருக்கிறான். அவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லையாம். அதற்கு. பிடரியில் முடி பிடுங்கிய இடம் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளுத்துத் தெரிகிறது. கெங்கம்மாள் அவள் முதுகைப் பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் அவள் புருஷன் ஜெயக்குமார் தன் தாய்மாமன் அருணகிரியோடு வந்தான். காபி குடித்தார்கள். அருணகிரி விசைத்தறி விலையைப் பற்றிப் பேசினார். என் மகன் வேணுகோபால் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நினைப்பு எனக்குத் தெரியும். அடுத்தவள் ஜெயப்ரியா இருக்கிறாள். அக்கா வாழாவெட்டி என்றால் தங்கையை யார் கேட்டு வருவார்கள்? கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்:

“கொட்டக் கொட்டத்தான் புழு குளவியாவும். புது இடம். போகப் போக அந்த வூட்டு மனுஷியா ஆயிடுவா.”

அருணகிரி தொடையைத் தட்டினார். “பெரியவரே சொல்லிட்டாரு. அப்புறம் இன்னா?”

ஜெயக்குமார் அவளை இழுக்கவில்லை. முந்தானை நுனியை இரண்டு விரலால் எடுத்தான். அவள் எழுந்து பின்னாலேயே போனாள்.

12.6.2003

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது தறிக்குழியில், சின்ன வயதில். இழை அறுந்தால் அப்பா நாடாவால் முட்டியில் அடிப்பார். ஊடை இழையைக் குறுக்கே ஓட்டுகிற மரநாடா, முனையில் இரும்பு மூக்கு. ஒவ்வோர் அடிக்கும் இதைச் சொல்வார். நான் தறிக்காரன் ஆனேன். ஆகவே சொல் மெய்.

மெய்தானே?

19.6.2003

இன்று பார்த்துவிட்டேன். மயில்கழுத்துக் குளவி எதைக் கொண்டு போகிறது என்று.

கரப்பான். குளவியைப்போல இரண்டு பங்கு பெரிது. பாவு உருளைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்ததை மேலேயிருந்து பாய்ந்து கழுத்தில் கவ்வியது. உருண்டன. வயிற்றை வளைத்து நெஞ்சில் ஒரு குத்து, முன்னங்கால் மடங்கிவிட்டது. அடுத்த குத்து தாடைக்கு அடியில், தலைக்குள். அதில் அவசரமே இல்லை. ஊசியில் இழை கோக்கிறவள்போல இடம் தேடித் தேடி இறக்கியது. பிறகு விட்டுவிட்டு நகர்ந்தது.

ஓடிடு, ஓடிடு என்று நான் வாய்விட்டே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கால் ஆறும் நிமிர்ந்துவிட்டன. கரப்பான் ஓடவில்லை. நின்ற இடத்தில் தன் மீசையைத் துடைத்துக்கொண்டே இருந்தது. குளவி சாவகாசமாகத் திரும்பி வந்து இரண்டு மீசையையும் பாதியில் கடித்து அறுத்தது. அறுந்த முனையில் வடிந்ததைக் குடித்தது. பிறகு மிச்ச மீசை ஒன்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தது. கரப்பான் மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி கூடவே நடந்தது. சுவர் ஓட்டைக்குள் தானே நுழைந்தது. யாரும் தள்ளவில்லை. பிறகு குளவி மட்டும் வெளியே வந்து, மண்கட்டியும் பட்டு நூல் கழிவும் வைத்து வாயை அடைத்தது.

இரண்டு விரல். முந்தானை.



20.6.2003

மாடியில் குடியிருக்கும் சசிகலா டீச்சர் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிறவர். கேட்டேன். உட்கார வைத்து, பென்சிலால் படம் போட்டுச் சொன்னார்.

இவை தனிக் குளவிகளாம். ராணி இல்லை, கும்பல் இல்லை, ஒவ்வொருத்தியும் ஒண்டியாகவே பாடுபடுகிறாள். எறும்பும் தேனீயும் இந்த வம்சத்தில் பிரிந்தவைதானாம். நான் கூட்டைப் பார்த்து ஜாதி பிரித்தேன்; புத்தகத்தில் இடுப்பையும் இறக்கை நரம்பையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். பாவு நூலைப் பார்த்துச் சேலையைத் தரம் பிரிக்கிற மாதிரிதான் அதுவும், மேல் ஜரிகையைப் பார்த்து ஏமாறக்கூடாது.

பேன் நம்மை உறிஞ்சும், கொல்லாது. புலி அடித்த உடனே கொல்லும். இது இரண்டுக்கும் நடுவே, என்றார். இரை உயிரோடு இருக்கவும் வேண்டும், கடைசியில் சாகவும் வேண்டும். கரப்பானின் தொடையில் ஒரே ஒரு முட்டை வைக்கும். பொரிந்த புழு முதலில் வெளியிலிருந்து உறிஞ்சும். பிறகு உள்ளே போகும். எதைத் தின்றால் உயிர் போய்விடுமோ அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு மற்றதைத் தின்னும்.

“அப்போ புழு குளவியாவறது, டீச்சர்?”

“ஆவறதில்ல தாத்தா. அந்தப் பச்சைப் புழு சாப்பாடு. கூட்டை ஓட்டை போட்டுகினு வெளிய வர்றது குளவி பெத்த புள்ளை.”

கொடுக்கு என்பதே முட்டையிடும் குழாயிலிருந்து வந்ததாம். அதனால் ஆண் குளவிக்குக் கொட்டத் தெரியாதாம். எங்கள் ஊரில் தலைகீழாக இருக்கிறதே என்று சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. அன்றைக்குக் கிழிந்த காதை மாடிப்படியிலிருந்து அவரும் பார்த்திருக்கிறார்.

எழுந்து வரும்போது கேட்டேன், ஓட்டைக்குள் போவதற்கு முன்னால் யாராவது பிடுங்கிவிட்டால்?

“முட்டை வெக்கலன்னா விஷம் தானா இறங்கிடும். ஒரு வாரமோ, கொஞ்சம் கூடவோ. அப்புறம் பழையபடி ஓடும்.”

21.6.2003

நம்ப மனசு வரவில்லை. சொம்புக் கூட்டை உடைத்தேன். கெங்கம்மாள் ஐயோ மாமா என்று கத்தினாள்.

உள்ளே பச்சைப் புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக் கிடந்தன. ஊசியால் தொட்டேன், நெளிந்தன. உயிர் இருக்கிறது, போக வழியில்லை. ஒன்றின்மேல் வெள்ளையாகப் பருத்த ஒன்று வாய் வைத்திருந்தது. வெளிச்சம் பட்டும் அது நிமிரவில்லை. வேலையில் இருந்தது.

அப்பா உடைத்துப் பார்த்ததில்லை. அவர் அப்பாவும். உடைக்கக்கூடாது என்று சாத்திரம் வேறு வைத்துவிட்டோம், பின் எப்படிப் பார்ப்பார்கள்? குளவியின்மேல் எனக்குக் கோபமில்லை, அது தன் பிள்ளைக்குச் சோறு தேடுகிறது. புழுவைப் பற்றிப் பொய் சொன்னது நாம்தான். பத்து நாளைக்கு முன்னால் காபி டம்ளரோடு உட்கார்ந்து சொன்னது நான்தான்.

2.7.2003

லாவண்யாவுக்கு இது தலை ஆடி. கல்யாணமான வருஷத்து ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து மாதம் முழுக்க வைத்துக்கொள்வது வழக்கம். எந்தக் கொம்பன் சம்பந்தியும் மறுக்க முடியாது.

வேணு தயங்கினான். “இட்டுகினு வந்தா திரும்ப அனுப்பறது கஷ்டம் நைனா.”

அதற்குத்தான் என்று நான் சொல்லவில்லை. தலை ஆடிக்குப் பெண்ணை அழைக்காத வீடு என்று தெருவில் பேசுவார்கள் என்றேன். தெருவுக்குப் பயந்துதானே அனுப்பினான். தெருவுக்குப் பயந்தே அழைக்கட்டும்.

17.7.2003, ஆடி ஒன்று

வந்துவிட்டாள். சுண்டுவிரல் கோணலாக இருக்கிறது. போன மாதம் நேராக இருந்தது.

உட்கார வைத்தால் உட்காருகிறாள். தட்டு வைத்தால் சாப்பிடுகிறாள். ஜெயப்ரியா தலை வாரிவிட்டுச் சீப்பை எடுத்த பிறகும் கழுத்தைத் திருப்பிய இடத்திலேயே வைத்திருக்கிறாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். துடைக்க ஒன்றுமில்லை.

“அழவாவது அழுடீ” என்றாள் கெங்கம்மாள். அதற்கும் கையைத்தான் துடைத்தாள்.

23.7.2003

மயில்கழுத்துக்காரி மறுபடி வந்தாள். கரப்பானைக் குத்தி, மீசையை அறுத்து நடத்திக்கொண்டு போகும்போது டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தேன். கையில் ஒரு கொட்டு. தோள்வரைக்கும் நெருப்பு. பரவாயில்லை. கரப்பானை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடியில் ஓட்டை போட்டு, ஈரப் பஞ்சு வைத்தேன். புரட்டிப் போட்டால் நிமிர்ந்துகொள்கிறது. குச்சியால் குத்தினால் ஓரடி வைத்து நின்றுவிடுகிறது.

ஏன்டா கிழவா இது உனக்கு? பார்க்கணும். டீச்சர் சொன்னது மெய்யா என்று கண்ணால் பார்க்கணும்.

27.7.2003, ஞாயிறு

வந்தான் பாவி. பட்டப்பகலில் குடித்துவிட்டு, ஒண்டியாக. ஆடியாவது கோடியாவது, கிளம்புடீ என்றான். அவள் எழுந்தாள்! யாரும் தொடவில்லை, பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

தறிக்கும் வாசலுக்கும் நடுவே நான் போய் நின்றேன். அவன் சிரித்தான்.

“நீங்கதான தாத்தா சொன்னீங்க, கொட்டக் கொட்டன்னு.”

“ஆமா. பொய் சொன்னேன். போடா.”

என் தலைக்கு மேலாகக் கையை வீசி அவளை அறைந்தான். தைத்து ஆறியிருந்த காது மறுபடி பிரிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. அவள் முகத்தைத் திருப்பவுமில்லை, மூடவுமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தறிமேல் நாடா கிடந்தது. தறிக்கம்பத்தைப் பிடித்திருந்த அவன் புறங்கையில் இரும்பு மூக்கை இறக்கினேன். எலும்பில் முட்டியது எனக்குத் தெரிந்தது. மறுபடி இறக்கினேன். அவன் ஊளையிட்டுக்கொண்டு என்னைத் தூக்கித் தறிக்குழியில் எறிந்தான். மிதிகட்டையில் விலா பட்டு மூச்சு நின்றுவிட்டது.

குழியிலிருந்து பார்த்தால் கால்கள்தான் தெரியும். அவன் செருப்புக் கால். அதை நோக்கி அவள் வெறுங்கால், ஒவ்வோர் அடியாக. பிறகு கெங்கம்மாளின் கால்கள் குறுக்கே வந்து விழுந்தன, மகளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்போல. அப்போதுதான் வேணு. இத்தனை நாளாகத் தரையைப் பார்த்தவன். ஜெயக்குமாரின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிய சத்தம் கேட்டது. இரண்டு தடவை, மூன்று தடவை. அந்தச் செருப்புக் கால் இழுபட்டு வாசலைத் தாண்டிப் போனது. தெருவிலிருந்து கத்தினான், ஆவணி பிறக்கட்டும், வந்து இட்டுகினு போறேன், எவன் தடுக்கிறான் பார்க்கிறேன் என்று.

28.7.2003

விலா இரண்டு இடத்தில் விரிசல். இருமினால் கண்ணீர் வருகிறது. வேணு கட்டுப் போட்டுவிட்டான். சுவரில் ரத்தக் கறையைக் கெங்கம்மாள் இன்னும் துடைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

லாவண்யா கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

31.7.2003

பாட்டிலைத் தட்டினேன். மூன்றடி நடந்து நின்றது.

ஆவணி பிறந்தால் அவன் வருவான். விரலை நீட்டினால் இவள் போய்விடுவாள். எத்தனை நாளைக்குப் பிடித்து வைக்க முடியும்? அடைத்து வைத்தால் நானும் அந்தக் குளவிதானே.

3.8.2003, பதினெட்டாம் பெருக்கு

மத்தியானம் சாதம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பஞ்சு மாற்றலாம் என்று பாட்டில் மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான். பாதி மீசைக்காரன் என் கைமேலேயே ஏறி, குதித்து, அடுப்படிப் பக்கம் பறந்தான். ஓடுது, ஓடுது, டீச்சர் சொன்னது மெய்தான் என்று நான் விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறேன். நேராக லாவண்யாவின் பாதத்தில் போய் ஏறினான்.

அவள் வீல் என்று கத்தி உதறினாள். ஓரத்தில் கிடந்த செருப்பை எடுத்தாள். ஒரே அடி. அப்புறம் இன்னோர் அடி. அப்புறம் செத்ததற்கு மேலேயும் அடித்துக்கொண்டே இருந்தாள். தரையில் நசுங்கிய பூச்சிகூட மிச்சமில்லை, செருப்பு மட்டும் விழுகிறது. யாரும் தடுக்கவில்லை. நின்றபோது மூச்சு வாங்கியது. வியர்த்திருந்தாள்.

“ஊருல யாராவது கரப்பான பாட்டில்ல வெச்சு வளப்பாங்களா தாத்தா? இன்னா பேஜாரு இது.”

ஆடி பிறந்து வீட்டுக்கு வந்தவள் பேசிய முதல் பேச்சு. ஜெயப்ரியா முதலில் சிரித்தாள், பிறகு கெங்கம்மாள் அழுதாள். பிறகு லாவண்யாவும், கேட்கும்படியாக.

கரப்பானை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான். பிழைத்த அன்றைக்கே போனான்.

10.8.2003

ஜெயப்ரியா பேசுகிறாள், அக்கா பதில் சொல்கிறாள். சண்டைகூட வந்தது, பாத்ரூம் பக்கெட்டுக்கு.

18.8.2003, ஆவணி ஒன்று

ஜெயக்குமார் வந்தான், கையில் கட்டோடு. மாமன் அருணகிரியும் வந்தார். வேணுவும் நானும் எழுந்திருக்கும் முன்னால் லாவண்யா வாசலுக்குப் போய்விட்டாள். அவன் இரண்டு விரலை நீட்டியது வரைக்கும் தெரிந்தது. மீதி படிக்குக் கீழே நடந்தது. நான் கிட்டே போகுமுன் முடிந்துவிட்டது. கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தவனை அருணகிரி இழுத்துக்கொண்டு போனார். தெருவே நின்று பார்த்தது.

வெயில் நன்றாக இருக்கிறது. செருப்பைக் கழுவிப் படியில் காய வைத்திருக்கிறாள். ஒரு கால் செருப்பு மட்டும்.