ஜெஸ்ஸி ஏறாத பஸ்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். துணி துவைக்கவில்லை. ரெக்கார்டுக்கு அட்டையும் போடவில்லை.

பஸ்ஸில் ஜெஸ்ஸி இல்லை. சித்தூரில் ஏறி, புத்தலப்பட்டில் நான் ஏறும்வரை பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடிப்பவள். போன் செய்தேன்.

"ஸ்ரீசிட்டி கம்பெனில வேல கெடச்சிச்சிடி. இன்னிக்கி சேர்றேன். உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல."

எம்.எஸ்சி.யைப் பாதியில் விட்டுவிட்டாள். பாகாலாவில் சீட் கிடைக்கும்வரை நின்றுகொண்டே பயணம்.

ஆகஸ்ட் 20, புதன்

காலேஜ் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலைவலி இல்லை. நைனா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்ச இல்லியே. படுத்துக்கோ. லெக்சரர் ஆயிட்டா இப்டி லீவு போட முடியாது."

நான் லெக்சரர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. என் ஆசை என்ன? யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மழை. இன்றும் போகவில்லை. கெமிஸ்ட்ரி மேடம் போன், தெலுங்கில். அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத முடியாதாம். பயம் வரும் என்று பார்த்தேன். இல்லை.

சாயங்காலம் ஜெஸ்ஸி போன் செய்தாள். பின்னால் கேண்டீன் சத்தம்.

"காலேஜ் போனியா?"

"இல்ல. நீ இல்லாம போவத் தோணல."

ஜெஸ்ஸி சொன்னாள்: "எனக்கு மட்டும் படிக்க இஷ்டமா இருந்துச்சா? நீ பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருப்பியேன்னுதான் தெனமும் எய்ந்து வந்தேன்."

அவளுக்காக நான். எனக்காக அவள். படிப்புக்காக இரண்டு பேருமே போகவில்லை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

போனேன். படுத்துப் படுத்து முதுகு வலி, அதனால் இருக்கலாம்.

லேபில் தண்ணீரின் கடினத்தன்மை அளக்க வேண்டும்; சிவப்பு நீலமாகிற சொட்டில் நிறுத்த வேண்டும். எப்போதும் சொட்டுவிடும் பியூரெட் குழாய் ஜெஸ்ஸி கையில், ரீடிங் எழுதுவது மட்டும் நான். இன்று இரண்டும் நானே. முதல் தடவை அதிகம் விட்டுக் கெடுத்தேன். இரண்டாவதும் அப்படியே. நேரமாகிறது, பக்கத்துப் பெண்ணின் ரீடிங்கை எழுதிக்கொள் என்றார் மேடம். தலையாட்டினேன். எழுதவில்லை.

மறுபடி நிரப்பினேன். சொட்டுச் சொட்டாக. ஒரே சொட்டில் சிவப்பு போய் நீலம். பளிச்சென்று.

ஜெஸ்ஸியிடம் காட்டுவதுபோலத் திரும்பினேன். எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நானே பார்த்தேன். மேடம் கிளம்பச் சொன்னார்.

"இன்னொரு தபா பாத்துட்டுப் போறேன் மேடம்."

மேடத்திடம் எப்போதும் தெலுங்குதான்; இன்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.