நான் ஃப்ரீக் அவுட் ஆகாத வாரம்

ஜூன் 9, செவ்வாய்
காலையிலிருந்து மேல்காற்று. துணியெல்லாம் கொடியோடு முறுக்கிக்கொண்டது. தையல்காரர் இன்றும் கடை திறக்கவில்லை.

ஜோயல் டொரண்டோவிலிருந்து பேசினான். கல்யாணத்துக்குப் பிறகு நான் கல்லூரி வேலையை விடுவதாகத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டானாம். "என்ட்ட கேக்காம எப்படிச் சொன்னீங்க?" என்றேன். "ஃப்ரீக் அவுட் ஆகாத" என்றான். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கே என் குரல் கேட்கவில்லை.

ஜூன் 10, புதன்
நிச்சயமானதிலிருந்து ஜோயல் அனுப்பிய மெசேஜ்களை மொத்தமாகப் படித்தேன். ஃப்ரீக் அவுட். ஃப்ளிப் அவுட். லூஸ் இட். மெல்ட்டவுன், இரண்டு தடவை. எல்லாம் நான் ஏதோ கேள்வி கேட்ட இடங்கள்.

ஆங்கில நாவல்களில் எனக்குப் பிடித்த வார்த்தைகள் இவை. நிஜமாகவே ஒருத்தி நிலைகுலையும்போது பொருந்தும். மெல்ட்டவுன் என்றால் அணு உலை உருகுவது. கூடங்குளம் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு அதை விளையாட்டாகச் சொல்ல வராது.

அம்மா: "ஏட்டி, அவன் ரெண்டு வார்த்த இங்கிலீஷ்ல சொல்லுதான். அதுக்குப் போயி துள்ளுதியே."
"எங்கம்மா துள்ளுதேன்? பயறுல்லா பொறுக்குதேன்."
"மனசுக்குள்ள துள்ளுத."
சிரித்துவிட்டேன். அது சரிதான்.

ஜூன் 12, வெள்ளி
விடைத்தாள் பாதி முடிந்தது. தலைவலி.

நானே கூப்பிட்டேன். ஒரே கேள்வி: உங்கம்மாட்ட மாத்திச் சொல்லுவீங்களா? "பாரு, யூ ஆர் லூசிங் இட்." திரும்பவும் கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

ஞாயிறு ஆலயத்தில் எங்கள் முதல் ஓலை. மூன்று ஞாயிறு போதகரான ஐயர் எங்கள் பெயர்களை வாசித்து, கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று சபையைக் கேட்பார். பெண்ணும் சபையில்தானே உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூன் 13, சனி
கல்யாணம் வேண்டாமென்று அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, "வெயிலா இருக்கு, குடைய எடுத்துட்டுப் போ."

ஐயர் வீடு. "நாளைக்கு எங்க ஓலைய வாசிக்க வேண்டாம் ஐயா."
"கோவத்துல எடுத்த முடிவாம்மா? கொஞ்சம் ஆறப் போடேன்."
"ஆறினப்புறம்தான் வந்தேன்."
சரி என்றார். காப்பி கொடுத்தார்கள், சீனி அதிகம்.

ஜோயலுக்கு மெசேஜ் போட்டேன். நாலு வரி, எல்லாம் தமிழ்.

ஜூன் 14, ஞாயிறு
வேறொரு ஜோடியின் ஓலை மட்டும் வாசித்தார். பின்வரிசையில் குசுகுசுப்பு. "தடை சொல்ல யாராவது உண்டா?" என்று ஐயர் கேட்டதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.
"பேசாம இரிட்டி."
"அது நம்ம ஓலை இல்லம்மா."
"தெரியும். இருந்தாலும் இரி."