ஆட்டாமல் பிடி

எம்.ரெட்டியபட்டி,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, ஆடுகள், புதிதாகக் குட்டி போட்ட செவலை எல்லாரும் சுகம். மழையை மட்டும்தான் ஆளையே காணோம். அங்கே நீயும், நீ ஓட்டுகிற விமானமும், அதன் மூக்குக் குழாய்களும் சுகமா என்று அறிய ஆசை. குழாயைத் தனியாக ஏன் விசாரிக்கிறேன் என்று உனக்கே தெரியும். கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய், அதற்கும் காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். முதலில் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை போனில், அப்பா பேசலைன்னா இந்த மாசக் கடைசியில வேலையை விட்டுட்டு வந்துர்றேம்மா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாயே, அந்த ராஜினாமாக் கடுதாசியை எழுதிவிட்டாயானால் கிழித்துப் போடு. எழுதவில்லையானால் பேனாவை மூடி வை. இதை முழுக்கப் படித்த பிறகு உன் இஷ்டம்.

உன் விமானத்தைப் பற்றி டி.வி.யில் வந்த அன்று நம் தெரு பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். நடுவானில் வேகம் தெரியாமல் திணறிய விமானம், பயணிகள் அலறல் என்று சிவப்பு எழுத்தில் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். பயணிகளில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டுதான் வந்தார்கள் என்று நீ சொன்னாய். பத்திரமா இறங்கிட்டேன் என்று நீ போன் பண்ணி, நான் உலை வைத்து, சோறு வடித்து, அதற்கப்புறம்தான் அந்தச் செய்தியே வந்தது. தெருவுக்கு அதெல்லாம் எதற்கு? பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் அக்கா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள், யாத்தே, நம்ம மாரி போன பிளேனுக்குக் கோளாறாம்ல என்று. அவள் பின்னாலேயே நாலு பேர் இழவு விழுந்த துட்டி வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். யக்கா, அவ சாப்பிட்டுட்டுத் தூங்கப் போயிட்டா என்று நான் சொல்லச் சொல்ல, பெத்த வயிறு அப்படித்தான் சொல்லும் என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். நீ உயிரோடு இருப்பதில் ஒன்றிரண்டு பேருக்கு ஏமாற்றம் என்றே நினைக்கிறேன். காப்பி போட்டுப் போட்டு என் இடுப்பு போனதுதான் மிச்சம். உன் அப்பா அதைவிட மேல். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கண்மாய்க்கரைக் கருப்பசாமி முன்னால் போய்ச் சூடத்தைக் கொளுத்தி, அவ அந்த வேலையை விட்டுட்டு வீடு வந்து சேர்ற வரைக்கும் அவகிட்டப் பேசமாட்டேன், இது உம்மேல சத்தியம் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். கருப்பசாமி இவரிடம் கேட்டாரா? அவர் பாட்டுக்கு அரிவாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அப்பா பேசாததால் உன் பேச்செல்லாம் எனக்கே கிடைத்தது, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். நான் மொச்சை உரித்துக்கொண்டே கேட்டேன், நீ சொல்லிக்கொண்டே போனாய். மூக்குப் பக்கம் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற குழாயில காத்து வந்து மோதும்மா, அந்த மோதலை வச்சுத்தான் வேகத்தை அளக்குது என்றாய். நாலைந்து நாள் சும்மா நிறுத்தி வைத்த இடத்தில் எவனோ குழாய்க்கு உறை போடாமல் விட, உள்ளே குளவி கூடு கட்டிவிட்டது என்றாய். நம் வீட்டு சுவிட்ச் போர்டு ஓட்டையில் மண் அடைக்கிற அதே குளவி, மலை போல இருக்கிற விமானத்தை முட்டாளாக்கிவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நீ கோபித்துக்கொண்டாய். கேப்டன் பக்கத்து மீட்டர் ஒன்று சொல்ல, உன் பக்கத்து மீட்டர் வேறு சொல்ல, நடுவில் இருந்த மூன்றாவது இரண்டோடும் சேராமல் போக, ரொம்ப வேகம் என்று ஒரு மணியும் ரொம்ப மெதுவு என்று ஒரு மணியும் ஒன்றாக அடித்ததாம். அந்த நேரம் பயத்துல மூக்கைத் தூக்கத் தோணும், இல்லைன்னா கவுக்கத் தோணும், அதுலதாம்மா ஆளு சாவான் என்றாய். பிறகு அப்போது செய்ய வேண்டிய விதிமுறையைச் சொன்னாய், எனக்குப் பாடமே ஆகிவிட்டது. மொதல்ல, மீட்டரை நம்ப முடியலைன்னு வாய்விட்டுச் சொல்லு. தானா ஓட்டுற மெஷினை அணை, அதுவும் அந்தப் பொய்யை நம்பித்தான் ஓட்டும். மூக்கு இவ்வளவு தூக்கல், எஞ்சின் இவ்வளவு விசைன்னு மனப்பாடம் பண்ணின கணக்கு ஒண்ணு இருக்கு, அதுல வச்சு ஆட்டாமப் பிடி. அப்படிப் பிடிச்சா மீட்டர் என்ன உளறினாலும் பிளேன் பறந்துதான் ஆகணும். ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் புத்தகத்தைப் பாத்து வாசிக்கணும், ரெண்டு பேரும் சேந்து ஊசியை முறைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. அப்புறமா நிதானமா எது நெசம், எது பொய்னு ஒத்துப் பாரு. கேப்டன் பிடித்தார், நீ வாசித்தாய், இறங்கினீர்கள். இறங்கிய பிறகு அவர் வெல்டன் மேரி என்று உன் கையைக் குலுக்கினாராமே. உன் பெயர் மேரி இல்லை என்று அவரிடம் சொல், உனக்குப் பெயர் கொடுத்த இருக்கன்குடி மாரியாத்தாள் கேட்டால் சும்மா விடமாட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை உன் அப்பாவும், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற உன் சித்தப்பா சின்னச்சாமியும் கம்பு மூட்டையை ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் அவ்வளவு ஒழுக்கம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உன் அப்பா வழக்கம் போல இன்சுலின் போடுவதற்கு முன்னால், நீ வாங்கி அனுப்பின சுகர் பார்க்கிற மெஷினில் விரலைக் குத்தி வைத்தார். நானூற்று எண்பத்தாறு. மறுபடியும் குத்தினார், என்னால் அளக்க முடியாது என்று மெஷின் கையை விரித்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சோளத்தட்டைக் கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஆட்டை அதட்டின மனுஷன், அந்த நம்பரைப் பார்த்ததும் கட்டிலில் சாய்ந்து, கண்ணு இருட்டுது சந்தனம், புள்ளைய வரச் சொல்லு என்கிறார். இந்தப் புள்ளையிடம்தான் பேசமாட்டேன் என்று சத்தியம். உன் சித்தப்பா குதிக்கிறார், மதினி, வழக்கமாப் போடுறதுல ரெண்டு மடங்கு போடுங்க, அப்பத்தான் ஆளு தப்பும், என் ஆட்டோவுல வார நர்சம்மா சொல்லியிருக்கு என்று. நான் பெரிய தைரியசாலி என்று நினைக்காதே. பேனா மாதிரி இருக்கிற இன்சுலின் ஊசியை எடுத்து இரண்டு மடங்கு அளவுக்குத் திருப்பியும் விட்டேன். கை வெடவெடவென்று ஆடியது. ஆடுகிற கையைப் பார்த்ததும்தான் உன் குரல் கேட்டது, வச்சு ஆட்டாமப் பிடி என்று.

ஊசியை மூடினேன். இந்த மெஷினை நம்ப முடியலை என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு பேரும் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எப்பவும் போடுற ஊசி, எப்பவும் குடிக்கிற கஞ்சி, அதுக்கு மேல கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன், அதுவும் மெஷின் நெசம் பேசின பிறகுதான் என்றேன். சித்தப்பா சும்மா இருந்தால் ஊரைக் கூட்டுவார் என்று, மெஷின் டப்பாவில் இருந்த தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அது இந்தியில் இருந்தது, அதுவும் நல்லதற்குத்தான், ஆள் வாயடைத்துப் போனார். அடுத்தது ஒத்துப் பார்க்க வேண்டும் அல்லவா, என் விரலைக் குத்தி வைத்தேன். நூற்றுச் சொச்சம், ஒரு கோளாறும் இல்லை. சரி, மூன்றாவது மீட்டரையும் பார்ப்போம் என்று சித்தப்பா விரலைப் பிடித்துக் குத்தினேன். ஜென்மத்தில் சுகர் இல்லாத மனுஷனுக்கு நானூற்றுக்கு மேல். ஐயையோ, எம் புள்ளைகளை யாரு பாப்பா என்று அவரும் கட்டிலில் அண்ணனுக்குப் பக்கத்தில் விழுந்தார். அண்ணனும் தம்பியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள், எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். எனக்குச் சரியாகக் காட்டுகிறது, இவர்கள் இருவருக்கும் மட்டும் உளறுகிறது, இருவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? குனிந்து இரண்டு பேர் கையையும் முகர்ந்து பார்த்தேன். கருப்பட்டி மிட்டாய்! பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கி, வருகிற வழியில் கருவேல மரத்து நிழலில் ஆட்டோவை நிறுத்தி, ஒரு பொட்டலத்தையும் தின்று தீர்த்துவிட்டு, எனக்குத் தெரியக் கூடாதென்று வாயை மட்டும் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். விரலெல்லாம் பாகு. மெஷின் பாவம், ரத்தத்தை எங்கே பார்த்தது, மிட்டாயை அல்லவா அளந்திருக்கிறது.

சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, துடைத்து மறுபடி பார்த்தேன். உன் அப்பாவுக்கு இருநூற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது, தின்ற மிட்டாய்க்கு அது நியாயமான நம்பர்தான். சித்தப்பா நோய் தீர்ந்து எழுந்து உட்கார்ந்தார். வழக்கமான ஊசி, வழக்கமான கம்பங்கஞ்சி. மறுநாள் திருச்சுழி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் நடந்ததைச் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரெண்டு மடங்கு போட்டிருந்தா ராத்திரி தூக்கத்துலயே சுகர் இறங்கி ஆளு போயிருப்பாரும்மா என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார், எம் மக பிளேன் ஓட்டுறா என்றேன், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று என்னையே பார்த்தார். நான் வெளியே வந்து வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று அழுதேன் மாரி. மிட்டாய்த் திருடனாக இருந்தாலும் எனக்கு இருப்பது அவர் ஒருவர்தானே. என் கையாலேயே அனுப்பியிருப்பேனே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். தங்கத்தாய் அக்கா வந்து சொல்கிறாள், அங்கே உட்கார்ந்து எம் மக ரூலுதான் என்னையக் காப்பாத்துச்சு, மீட்டர் உளறுனா ஆட்டாமப் பிடிக்கணும் தெரியுமா என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வகுப்பெடுக்கிறாராம். மிட்டாய்க் கதையை மட்டும் விட்டுவிட்டாராம். நேற்று பார்த்தால் உன் நம்பரை எடுத்துப் பார்க்கிறார், வைக்கிறார், எடுக்கிறார், வைக்கிறார். பேச வேண்டியதுதானே என்றேன். கருப்பசாமிகிட்டச் சத்தியம் பண்ணிட்டேனே என்று முழிக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே வந்து, பேசமாட்டேன்னுதான சத்தியம், எழுதமாட்டேன்னு இல்லைல, நீ ஒரு கடுதாசி எழுது, கடைசியில ரெண்டு வரி நான் போடுறேன் என்றார். இந்தத் தாளுக்கும் பேனாவுக்கும் அதுதான் காரணம். அவர் போட்ட கூச்சலைக் கேட்டு நீ வேலையை விடப் பார்த்தாய். அது கோபம் இல்லையடி, பயம் அடைத்துக்கொண்ட குழாய். உங்கள் புத்தகத்தில் அப்பாவுக்கு ஒரு பக்கம் இல்லை போலிருக்கிறது, அதனால்தான் நீயும் ஏமாந்துவிட்டாய்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நீ பறக்கிற நாளில் போனில், உன் விமானம் எங்கே போகிறது என்று காட்டுகிற அந்த மஞ்சள் விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கடல் மேல் போனதும் சில நேரம் அது மறைந்துவிடும். முன்பெல்லாம் அப்போது நாலு சாமிக்கு நேர்ந்துகொண்டு, சித்தப்பாவுக்குப் போன் போட்டு, அவரையும் பயமுறுத்துவேன். இப்போது எழுந்து போய் உலை வைக்கிறேன், எப்போதும் போடுகிற அரிசி, எப்போதும் வைக்கிற தண்ணீர். சோறு வடிப்பதற்குள் நீ திரும்பத் தெரிந்துவிடுகிறாய்.

பங்குனிப் பொங்கலுக்குக் கருப்பசாமிக்குக் கிடா வெட்டிச் சத்தியத்தைக் கழித்துவிடலாம் என்று பூசாரி சொல்லிவிட்டார், லீவு போட்டுவிட்டு வா. நீ வருகிற வரைக்கும் உன் அப்பா எழுதிக்கொண்டிருக்கட்டும், கையெழுத்தாவது திருந்தும். நீ இருக்கிற ஷார்ஜாவிலேயே கடை வைத்திருக்கிற வீரசோழன் ஊர் பாய் இங்கே வந்திருக்கிறார், அவர் கையில் இதையும் காரச்சேவும் கொடுத்து விடுகிறேன். மிட்டாய் கிடையாது, இந்த வீட்டில் இனி அந்தப் பேச்சே இல்லை. வேளைக்குச் சாப்பிடு, காலி வயிற்றில் காப்பியாகக் குடிக்காதே. ஏறுவதற்கு முன்னால் குழாயில் உறையைக் கழற்றியிருக்கிறார்களா, உள்ளே குளவி இருக்கிறதா என்று நீயே எட்டிப் பார்த்துவிட்டு ஏறு. இருக்கன்குடி மாரியும் நம் கருப்பசாமியும் உனக்கு முன்னும் பின்னும் நிற்பார்கள், நீ நூறு வயது பறப்பாய். கீழே உன் அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன். தாளை முகர்ந்து பார், கருப்பட்டி வாசனை அடித்தால் எனக்கு உடனே போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்தனம்மாள்

மகள் மாரீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. வேலையை விட வேண்டாம். அன்று டி.வி.யைப் பார்த்ததும் எனக்கு உயிரே இல்லை, அதனால்தான் அப்படிச் சத்தியம் செய்துவிட்டேன். மீட்டர் எது உளறினாலும் நீ இறங்கிவிடுவாய், எனக்குத் தெரியும். பங்குனிக்கு வா, உன் குரலைக் கேட்க வேண்டும். கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன்.
கருத்தப்பாண்டி