என் விரலில் எடுத்த சொட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் எடுத்துத் தருகிறாளா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஆஸ்பத்திரி லேபில் ஒரு வேடிக்கை நடந்தது. ரத்த அணுக்களுக்கு நிறம் ஏற்றும் புதுச் சாயப் புட்டி வந்தால், எங்களில் ஒருவர் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் பிடிக்கிறதா என்று பார்ப்போம். செவ்வாய்க்கிழமை என் முறை. அந்தக் கண்ணாடியை நோயாளிகளுடையதோடு கலந்து வைத்துவிட்டேன். பிறகு மைக்ராஸ்கோப்பில் ஒன்றைப் பார்த்தேன். மூச்சுக்காற்றைச் சுமக்கும் சிவப்பணுக்கள் குறைவு. காயத்தை அடைக்கும் தட்டணுக்களைத் தேட வேண்டியிருந்தது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள் மட்டும் கூட்டம் கூட்டமாய், அவையும் முதிராதவை, சண்டை தெரியாதவை.

"பாவம், யாரோ. உடனே டாக்டர்கிட்ட காட்டணும்" என்றேன்.

சீனியர் அக்கா கண்ணாடியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்தார். "இது உன் பேருடீ." பிறகு, "சாயம் சரியில்ல போல" என்று தன் விரலையும் குத்திக்கொண்டார். அவருடையதில் சாயம் அழகாகப் பிடித்திருந்தது.

பயப்பட ஒன்றுமில்லை. அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் பிறக்கின்றன. அதனால் வெள்ளிக்கிழமை இடுப்பெலும்பில் ஊசி செலுத்திக் கொஞ்சம் மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதையெல்லாம் தாண்டிவிடுங்கள்.

பீரோவில் இருக்கும் என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். இங்கே எனக்கு மட்டும் குளிர்கிறது. அப்புறம், மஜ்ஜை தேவைப்பட்டால் கூடப்பிறந்தவர்களுடையது பொருந்த வாய்ப்பு அதிகமாம். ஊசியைக் கண்டால் தம்பி இன்னும் கட்டிலுக்கடியில் ஒளிகிறானா? திட்டாமல் கேட்டு எழுதுங்கள்.

டாக்டர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்