மாடி ஏறிய கட்டில்

786

கோவில்பத்து, காரைக்கால்
10.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் சித்திக்காவும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள், தாளிலாவது பதில் சொல்லுங்கள். பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, ஆகையால் கல்யாண விஷயத்தை மட்டும் எழுதிப் படமெடுத்து அனுப்பிக்கொள்வோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நல்ல ஏற்பாடுதான். எழுதும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது.

நிக்காஹ் பிப்ரவரி ஒன்பது, ஞாயிறு. அதற்கு முன் ஜனவரி பத்தொன்பதில் சம்மந்தி வீட்டுப் பெண்கள் அறை பார்க்க வருகிறார்கள். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை அஃப்ரித் நம் வீட்டோடு வந்து இருக்கப் போகிறவர். அவர் தங்கும் அறையை வைத்துத்தான் குடும்பத்தையே எடை போடுவார்கள். மாடி அறை தயார். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. கடல் பக்கம் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடை போல ஜன்னல் வைத்திருக்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன், மின்விசிறி தேவைப்படவில்லை.

இனி முக்கியமானது. அந்த அறைக்கான கட்டிலையும் பீரோவையும் என் பட்டறையிலேயே செய்கிறேன், முழுக்க முழுக்கச் சீமைக்கருவேலத்தில். சிரிக்காதீர்கள். திருவேட்டக்குடியில் வெட்டிக் கரி சுட வைத்திருந்த மரங்கள் அவை. நிழலில் உலரவிட்டு இழைத்தால் என்ன நிறம் வருகிறது தெரியுமா? பீரோக் கதவில் பலகைக்குப் பதில் கோரைப்பாய் வைத்திருக்கிறேன், உள்ளே காற்றுப் போவதால் துணியில் பூஞ்சை பிடிக்காது. மேலே ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் தவிர வேறு பூச்சு இல்லை. நீங்கள் முன்பு அனுப்பிய பீரோவைத் திறந்த வாடையில் சித்திக்காவுக்கு இரைப்பு வந்து நான்கு நாள் படுத்துக் கிடந்தாளே, அதை நான் மறக்கவில்லை.

கட்டிலில் ஓர் ஆணி கிடையாது, திருகு கிடையாது. சோமு ஆசாரி மர ஆப்பு அடித்தே முடிக்கிறார். இந்த ஊரில் இப்படி ஒரு கட்டில் இல்லை. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

துஆவுடன்,
கமருன்னிசா


சார்ஜா
14.11.2024

அன்பு கமருன்னிசாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இருமல் பரவாயில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். சித்திக்காவுக்காக நான் ஒரு செட் பார்த்து வைத்திருக்கிறேன். வெள்ளைப் பளபளப்பு, பெரிய கட்டில், தலைமாட்டில் விளக்கு, மூன்று கதவு பீரோ, ஆளுயரக் கண்ணாடி. நான்கு மாதமாக ஷோரூமில் அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் போகிறேன். டிசம்பரில் கார்கோவில் போட்டால் பொங்கல் சமயம் வீட்டுக்கு வந்துவிடும்.

சார்ஜாவில் ஃபர்னிச்சர் கம்பெனி மேனேஜராக இருப்பவன் மகளுக்கு வேலிக்கருவையில் கட்டில் என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா? நீ உன் பட்டறையில் யாருக்கு வேண்டுமானாலும் முக்காலி செய்து கொடு. நான் ஏதாவது சொன்னேனா?

ஒன்று கேட்கிறேன். சித்திக்கா பிறந்தபோது நான் இல்லை. நடந்தபோது இல்லை. காலேஜில் மெடல் வாங்கியபோதும் இல்லை. அந்த அறையில் என் பங்குக்கு ஒரு கட்டிலாவது இருக்கட்டும்.

சேக் அலாவுதீன்


786

கோவில்பத்து
20.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கார்கோவில் எதையும் போட வேண்டாம். கட்டில் பாதி முடிந்துவிட்டது. இரண்டு கட்டிலைப் போட அது மண்டபம் இல்லை.

ஊரில் பேசுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஊர் பேசித்தான் ஆக வேண்டும். பட்டறை ஆரம்பித்தபோது பேசியது, பொம்பளை மரம் அறுக்கிறாள் என்று. பிறகு கல்லூரி ஆசிரியை சௌந்தரவல்லி என்னிடம் சாப்பாட்டு மேசை வாங்கிப் போனார், அதைப் பார்த்தவர்கள் வந்தார்கள், இப்போது அதே வாய்கள் எப்போது கிடைக்கும் என்று கேட்கின்றன. என் மகள் அறையில் மட்டும் வேறு யாரோ செய்தது நிற்குமென்றால், நான் இத்தனை நாள் விற்றதெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குத்தான் லாயக்கு என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பங்கு வேண்டும் என்கிறீர்கள். பெட்டி கட்டி அனுப்புவதற்குப் பெயர் பங்கு இல்லை மச்சான், பார்சல்.

கமருன்னிசா


786

கோவில்பத்து
30.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாற்பது நாளாக நீங்கள் எனக்கு எழுதவில்லை. சித்திக்காவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். போன கடிதத்தில் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதி அனுப்பிய அன்றே தெரிந்தது, ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

இப்போதும் ஒரு சிக்கல் வந்ததால்தான் எழுதுகிறேன், அதையும் மறைக்கவில்லை. கட்டில் முடிந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நேற்று குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். காரைக்கால்மேட்டிலிருந்து படகு தள்ளுகிற ஆட்கள் ஆறு பேர் வந்து தூக்கினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுவிட்டது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், தலைகீழாகத் திருப்பினார்கள். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்ததுதான் மிச்சம். வெளியிலிருந்து கயிறு கட்டி ஏற்றலாம் என்றால் சல்லடை ஜன்னலை இடிக்க வேண்டும். "தங்கச்சி, இதைக் கீழேயே போட்டு மாப்பிள்ளையக் கீழ படுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

சிமெண்டை மிச்சம் பிடிக்கப் படிக்கட்டைக் குறுக்கியவள் நான். ஆணியில்லாக் கட்டில் என்று பிரிக்க முடியாதபடி செய்ததும் நானே. யாரைக் குறை சொல்ல? கூடத்தின் நடுவில் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதன் மேல் கைப்பையை வைக்கிறார்கள்.

பெண்கள் வர இருபது நாள்தான் இருக்கிறது. உங்கள் கம்பெனியில் எவ்வளவு பெரிய கட்டிலும் தட்டையாகப் பெட்டியில் வந்து மாடியில் போய் நிற்கிறதே, அது எப்படி என்று அங்குள்ள வேலையாட்களிடம் விசாரித்துச் சொல்வீர்களா? மேனேஜர் கேட்டால் சொல்வார்கள்.

கமருன்னிசா


சார்ஜா
31.12.2024

அன்பு கமருன்னிசாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். வேலையாட்களிடம் விசாரிக்கச் சொன்னாய். விசாரிக்கத் தேவையில்லை. அந்த வேலையாள் நான்தான்.

இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நான் மேனேஜர் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. வேனில் பெட்டிகளோடு போய், வீடு வீடாக ஏறி, கட்டிலும் பீரோவும் பொருத்திக் கொடுத்துவிட்டு வருகிறவன். கல்யாணத்துக்கு முன்னால் உன் வாப்பாவிடம் யாரோ மேனேஜர் என்று சொல்லிவிட்டார்கள். மறுக்கவில்லை, பிறகு மறுக்க வழி தெரியவில்லை.

அது கிடக்கட்டும். கீழே படம் வரைந்திருக்கிறேன், சோமுவிடம் காட்டு. முதலில் நான்கு மூலைக்கும் எண் போடுங்கள், கழற்றிய பிறகு எது எங்கே என்று விழிப்பது புது ஆட்கள் எல்லாரும் செய்யும் தப்பு. காலும் சட்டமும் சேரும் இடத்தில் மெல்லிய ரம்பம் விட்டு ஆப்பை மட்டும் அறுக்க வேண்டும். காலின் வெளிப்பக்கமிருந்து சட்டத்துக்குள் போகும்படி நேராக ஒரு துளை. நான்கு விரல் தள்ளிச் சட்டத்தில் குறுக்காக இன்னொரு துளை. குறுக்குத் துளைக்குள் விரல் பருமனில் மரை வெட்டிய உருண்டை இருக்கும், நீளமான போல்ட் போய் அதைப் பிடித்து இழுக்கும். மூலைக்கு இரண்டு போல்ட் வையுங்கள், ஒன்று வைத்தால் சட்டம் திரும்பும். கடையில் இரும்பு போல்ட் வாங்காதே, நம் கடல் காற்றில் ஒரு மழைக்குத் துருப்பிடிக்கும். காரைக்கால்மேட்டில் படகு எஞ்சினுக்குக் கடைகிற லேத் பட்டறை இருக்கிறது, எவர்சில்வரில் கடைந்து தரச் சொல். அடுத்த தரம் செய்யும்போது ஆரம்பத்திலேயே இப்படிச் செய்தால் எந்தப் படிக்கட்டிலும் இரண்டு பேர் போதும்.

வெள்ளை செட்டைக் கார்கோவில் போடவில்லை. அந்தப் பெட்டிகளைப் பிரிக்கும்போது பூச்சு வாடையில் எங்களுக்குக் கண் எரியும், மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்வோம். அதைப் போய் என் மகள் தலைமாட்டில் வைக்கப் பார்த்தேன். பளபளப்பு என் கண்ணை மறைத்துவிட்டது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

சேக் அலாவுதீன்


786

கோவில்பத்து
20.01.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டில் மாடி ஏறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ரம்பம் விடச் சொன்னதும் சோமு ஒதுங்கிக்கொண்டார். "நான் அடிச்ச ஆப்ப நானே அறுக்கணுமாக்கா? எனக்குக் கை வராது" என்றார். நானே அறுத்தேன். முதல் மூலையில் அழுதேன், இரண்டாவதில் கோபம் வந்தது, நான்காவதில் கை நன்றாகப் பழகிவிட்டது. லேத்துக்காரர் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு "அளவெல்லாம் துல்லியமா இருக்கு, வரைஞ்சது யாரு இன்ஜினியரா?" என்று கேட்டார். துண்டு துண்டாக மேலே கொண்டுபோய்ப் பொருத்தினோம். சித்திக்கா ஏறிக் குதித்துப் பார்த்தாள், ஒரு சத்தம் இல்லை.

நேற்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு எல்லாரும் வந்தார்கள், நாற்பது பேருக்குக் குறையாது. சம்மந்தி ஜுவைரியா பீரோவைத் திறந்தார், கோரைப்பாயைத் தடவினார், கட்டில் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "சார்ஜா சாமான் தனியாத்தான் தெரியுது. அண்ணன் அனுப்புனதா?" என்றார்.

ஆமாம் என்றால் முடிந்துபோகும். உங்களுக்கும் பெருமை, ஊர் வாயும் அடங்கும். இல்லை, நான் செய்தது என்று மட்டும் சொன்னால் எனக்குப் பெருமை. இரண்டும் உண்மையில்லையே மச்சான்.

"மரம் திருவேட்டக்குடிங்க. செஞ்சது என் பட்டறை. ஆனா செஞ்ச கட்டில மாடிக்கு ஏத்தத் தெரியாம நான் நின்னேன். சித்திக்கா வாப்பாதான் படம் போட்டு அனுப்பி ஏத்தி வச்சாங்க" என்றேன்.

"அவங்க மேனேஜர்ல்ல? அவங்களுக்கு எப்படி இந்த வேல தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மேனேஜர் இல்லீங்க. கட்டில் பொருத்துறவங்க. இருபத்திரண்டு வருஷமா சார்ஜாவுல கட்டில் பொருத்துறாங்க. அந்தக் கையில்லன்னா இந்த அறை இன்னிக்குக் காலியாத்தான் கெடக்கும்" என்றேன்.

சொல்லிவிட்டேன். நம் இரண்டு பேரோடு இருக்கட்டும் என்று நீங்கள் எழுதியும் சொல்லிவிட்டேன். ஜுவைரியா கட்டிலில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுக் கட்டிலு என் கல்யாணத்துல இருந்து ஒரே மூலையில கெடக்குது. கதவு வழியா வரமாட்டேங்குது. அண்ணன் வந்தா அதப் பிரிச்சுத் தரச் சொல்லுங்க சம்மந்தி" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு மாடிப்படியின் அகலத்தை என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லார் வீட்டுப் படியும் குறுகல்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மேனேஜர் இல்லை என்பது எனக்கு முதல் லீவிலேயே தெரியும். உங்கள் சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் போல்ட் முடுக்குகிற வளைந்த திருகுச் சாவி மூன்று கிடந்தது. எந்த மேனேஜர் அதைப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவார்? நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். போன கடிதத்தில் வேலையாட்களிடம் கேளுங்கள் என்று எழுதியதும் அதற்காகத்தான். இத்தனை வருடம் உங்களைக் கூச்சத்தோடு இருக்க விட்டதற்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கோபமென்றால் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

கமருன்னிசா


சார்ஜா
24.01.2025

அன்பு கமருன்னிசாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம்.

கோபம் வந்தது. நாற்பது பெண்கள் முன்னால் சொல்லிவிட்டாயே என்று அன்று முழுக்கப் போனைத் தொடவில்லை. மறுநாள் வேலைக்குப் போன வீட்டில் பீரோவுக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் திரும்ப ஞாபகம் வந்தது. அந்த வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நான் முடித்து இறங்கியதும் கதவு சாத்திக்கொள்ளும், அவ்வளவுதான். இங்கே ஒருவரும் பொருட்படுத்தாத என் வேலையை நீ ஊரைக் கூட்டி வைத்து, தலை குனியாமல் சொல்லியிருக்கிறாய். அதை நினைத்ததும் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்துகொண்டேன். கூட இருந்த செந்தில்குமார், திருநள்ளாற்றுக்காரர், "என்ன பாய், தலை சுத்துதா?" என்று கேட்டார். "இல்ல, பெருமையா இருக்கு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜுவைரியா வீட்டுக் கட்டிலைச் சோமு தொட வேண்டாம். பழைய தேக்காகத்தான் இருக்கும், ஆப்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நான் வந்து பார்க்கிறேன்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். லீவுக்கான தாளில், திரும்பும் தேதி என்று ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் நிரப்பச் சொல்வார்கள். இந்த முறை அதில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னேன்.

இப்படிக்கு,
சேக் அலாவுதீன்
கட்டில் பொருத்துபவர்
காரைக்கால்