பெரியவள், சின்னவள், என் இடது கால்

மார்ச் 4, செவ்வாய்

"ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே இன்று தொண்டை கட்டிவிட்டது. கண்ணுக்கு அளவு பார்ப்பவளுக்கு நாள் முழுக்க இந்த ஒரே கேள்விதான். சிலர் டக்கென்று சொல்லிவிடுவார்கள். சிலர் பரீட்சைக்கு வந்த மாதிரி முழிப்பார்கள்.

இப்போது நானே முழிக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதென்று முடிவாகிவிட்டது. எந்தக் கார் என்றுதான் தெரியவில்லை. ஒரே கம்பெனி, ஒரே பெயர். ஒன்று நான் கல்லூரியில் படித்தபோது வந்தது, இன்னொன்று இந்த வருஷம் வந்தது. என் வீட்டுக்காரர் அதற்குள் பெயரே வைத்துவிட்டார். பெரியவள், சின்னவள்.

"ரெண்டு பேரையும் கட்டிக்க முடியாதும்மா. யோசிச்சு சொல்லு."

மார்ச் 9, ஞாயிறு

பெரியவளைப் பார்த்தாயிற்று. அம்மாடி!

காரின் சொந்தக்காரர் ஒரு கால்நடை டாக்டர். இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறதாம். "இருக்கறதே ரெண்டு சீட்டு. புள்ளைங்கள கூரை மேலயா கட்டி வெக்க முடியும்?" என்று சிரித்தார். பேச்சுதான் சிரிப்பு. கை பானெட்டை விட்டு எடுக்கவில்லை.

கரும்பச்சை. இடுப்பளவு உயரம்கூட இல்லை, உள்ளே உட்காருவதற்குக் கிட்டத்தட்ட விழ வேண்டும். கியர் குமிழில் எண்கள் தேய்ந்து மழமழவென்று இருக்கிறது. எத்தனை உள்ளங்கைகளோ. இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது ஒரு சின்ன 'க்ளக்' - அந்தச் சத்தத்தை வைத்தவனுக்குக் கோயில் கட்டலாம். சாலையில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் ஸ்டியரிங் என் விரலிடம் வந்து சொல்லிவிடுகிறது. எதையும் மறைக்கத் தெரியாதவள்.

கிளட்ச் மட்டும் கல். வீட்டுக் காரின் கிளட்ச் பஞ்சு மாதிரி, இதை இடது காலால் உதைக்கத்தான் வேண்டும்.

வீட்டுப் படியேறும்போது அவர் என் முழங்காலைப் பார்த்தார். பார்க்காத மாதிரி சாவியைத் தேடினார்.

மார்ச் 11, செவ்வாய்

எலும்பு டாக்டரிடம் போனேன். இடது மூட்டு நான் நினைத்ததைவிட மோசம். கிளட்ச் பற்றிக் கேட்டதும், சர்க்கரை வியாதிக்காரன் லட்டு கேட்ட மாதிரி பார்த்தார். "ரெண்டு மூணு வருஷம் தாங்கும். அதுக்கப்புறம் கியர் வண்டிய மறந்துடுங்க."

மறக்கணுமாம்.

மார்ச் 15, சனி

சின்னவள். குறை சொல்லலாம் என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் போனேன். வாயடைத்துப் போய்த் திரும்பினேன்.

முதலில் மானம் போன கதை. கிளட்ச் இல்லாத வண்டி. மூளைக்குத் தெரியும், இடது காலுக்குத் தெரியவில்லை. சிக்னல் அருகே வேகம் குறைந்ததும் அது பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி நட்ட மரமாக நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவருடைய கண்ணாடி பறந்து முன்னால் போய் விழுந்தது.

பின்னால் காரில் வந்த விற்பனைப் பெண் ஓடிவந்து, "எல்லாரும் பண்றதுதான் மேடம். இடது கால மடக்கி உள்ள வெச்சுக்குங்க, அதுக்கு இன்னைக்கு லீவு" என்றாள்.

லீவு விட்டதும்தான் சின்னவள் யாரென்று தெரிந்தது. கண் சிமிட்டும் நேரம் என்றால் என்னவென்று எனக்குத் தொழில்முறையில் தெரியும். அதற்குள் கியர் மாறிவிடுகிறது. ஈரமான வளைவில் பின்சக்கரம் வழுக்கப் பார்த்தது, நான் பயப்படுவதற்கு முன்பே அவள் பிடித்துக்கொண்டாள். இதை யோசித்துச் செய்த மூளைகளுக்கு ஒரு கும்பிடு.

இறங்கும்போது மூட்டு வலி துளிகூட இல்லை. இவளை எழுபது வயதிலும் ஓட்டலாம்.

மார்ச் 19, புதன்

சாப்பிடும்போது அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, "சொல்லுங்க மேடம், ஒண்ணா, ரெண்டா?" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்.

"விளையாட்டா இருக்கா உங்களுக்கு? பெரியவள வாங்கிட்டு மூணு வருஷத்துல ஷெட்டுல நிறுத்தி வெச்சு அழணுமா நான்?"

கத்தியிருக்க வேண்டாம். பாவம், கையைக் கண்ணிலிருந்து எடுக்கவே மறந்துவிட்டார்.

மெதுவாகக் கையை இறக்கிவிட்டுக் கேட்டார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்குன்னு பேஷண்ட் சொன்னா என்ன பண்ணுவே?"

"முதல்ல காட்டினத இன்னொரு தடவ காட்டுவேன்."

"அப்ப போய்ப் பாரு."

மார்ச் 23, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். மூட்டு வலித்தது. முகமெல்லாம் சிரிப்பு. இரண்டும் ஒரே நேரத்தில்.

சின்னவள் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். பெரியவளிடம் ஓட்டுவது நான். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எத்தனை நாளைக்கு? வாசலில் நின்று சாவியைத் திருப்பித் தரவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் துணிவில்லாமல் இருந்தேன்.

"எடுத்துக்கறோம்" என்றார் அவர், கால்நடை டாக்டரிடம். பிறகு என்னிடம், "உன் கால் முடியலன்னா என் கால் இருக்குல்ல?"

இந்த மனிதர் பூகோள வாத்தியார். வரைபடத்தில் உலகத்தையே சுற்றுவார். நிஜத்தில் சைக்கிளோடு சரி. இளவயதில் ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்று, இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தவர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெரியவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். காரணமே இல்லாமல் மூன்று தடவை ஷெட்டுக்குப் போய்வந்தேன்.

மே 18, ஞாயிறு

வீட்டுக் காரில் அவருக்குப் பாடம். நடுச்சாலையில் எஞ்சின் அணைந்தது. பின்னால் ஒரே ஹாரன். மனிதர் நிதானமாக இறங்கிப் போய், "மன்னிச்சுக்குங்க, கத்துக்கிட்டிருக்கேன்" என்று ஒவ்வொரு வண்டியாகச் சொல்லிவிட்டு வந்தார்! திட்ட வந்தவர்கள் கிளட்சை எப்படி விடுவதென்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் அதிகம்.

ஜூலை 10, வியாழன்

தேர்வில் தேறிவிட்டார். நாலாவது தடவை, நடுவில் முப்பது வருஷ இடைவேளை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டாக்டர் சொன்ன இரண்டு மூன்று வருஷத்தை மூட்டு ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மாதம் முழுக்கக் கைப்பிடி இல்லாமல் படியிறங்க முடியவில்லை. காலையில் சாவியை எடுத்தேன், மறுபடியும் ஆணியில் மாட்டினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

பெரியவளின் பக்கத்து இருக்கையில் முதல்முறையாக உட்கார்ந்தேன். இங்கிருந்து பார்த்தால் மரங்கள் தெரிகின்றன. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். முதல் கியர் உறுமியது. இரண்டாவது முனகியது. மேட்டில் வேகம் கூடியதும் எஞ்சின் மூன்றாவதைக் கேட்டது, எனக்குக் கேட்டது. என் இடது கால் தானாக எழுந்து வெறும் தரையை அழுத்தியது.

"என்ன பண்றே காலால?"

"ஒண்ணுமில்ல. மூணு போடுங்க."

போட்டார். க்ளக் என்று விழுந்தது. மூட்டு வலிக்கவே இல்லை.